சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு வைரஸால் புற்றுநோய் வருமா?

சிலருக்கு வரலாம். முக்கியமானது எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964-இல் கண்டறியப்பட்ட இது, பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் உடலில் இருக்கிறது. ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்களுக்குள் ஒளிந்திருக்கும். நோயை எதிர்க்கும் மற்றொரு வகை வெள்ளையணுக்களான டி செல்கள் அதை அடக்கி வைத்திருக்கும்.

புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் தினமும் தேவை. அவை அடக்குவது அந்த டி செல்களைத்தான். விருந்தாளியைக் கடித்துவிடாமலிருக்க வீட்டு நாயைக் கட்டிப் போடுகிறோம்; பரணில் பதுங்கியிருந்த எலிகளுக்குக் கொண்டாட்டம். அப்படித்தான் வைரஸ் புகுந்த பி செல்கள் கட்டுமீறிப் பெருகி, நிணநீர்ப் புற்றாக மாறக்கூடும்.

இந்த வைரஸையே சந்திக்காத ஒரு குழந்தைக்கு, வைரஸ் உள்ளவரின் சிறுநீரகம் பொருத்தப்படும்போதுதான் ஆபத்து மிக அதிகம். அதனால்தான் முதல் ஆண்டில் ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கழுத்தில் நெல்லிக்காய் போல வலியில்லாத கட்டி, விடாத காய்ச்சல், எடை குறைவு என்றால் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

“அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமே” என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடலாம், மாத்திரையின் அளவைக் குறைப்பதும் இந்தப் புற்றுக்கு ஒரு சிகிச்சைதான், ஆனால் அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.