சேலத்தில் டீலரிடம் பழைய கார் வாங்கினால் எந்த நிலையில் இருக்கும்?

பாலிஷ் பளபளப்பையும் புது சீட் கவரையும் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஏழெட்டு வருடம் ஓடிய வண்டியில் பம்பர் கீறல், தளர்ந்த சஸ்பென்ஷன், சாகக் கிடக்கும் பேட்டரி எல்லாம் சகஜம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். இன்ஜின், கியர்பாக்ஸ், சேஸிஸ் மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

டெஸ்ட் டிரைவை ஊருக்குள், அஸ்தம்பட்டியோடு முடிக்க விடாதீர்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதில் பாதியாவது ஏறிப் பாருங்கள். கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்ஜின் இரையும், வேகம் கூடாது. கூலிங்கில் கோளாறு என்றால் டெம்பரேச்சர் முள் ஏறும். இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா என்று கவனியுங்கள். "மலைக்கெல்லாம் தர முடியாதுங்க" என்று டீலர் சொன்னால், நானாக இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

டயரில் 2321 என்றிருந்தால் அது 2021-ன் 23-வது வாரத் தயாரிப்பு. நான்கும் வண்டியைவிடப் பல வருடம் புதிது, ஓடோமீட்டரோ 25,000 கி.மீ. காட்டுகிறது என்றால், அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் நான்கு டயரும் தேய்ந்திருக்காது என்பதால், மீட்டரில் கைவைத்திருக்கலாம். சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள்.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.), கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள்.