சொந்தமாக ஜேசிபி எடுக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேஸ், டாடா ஹிட்டாச்சி, மஹிந்திரா, கோயம்புத்தூர் புல் என்று எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும், முன்னால் அகலப் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் இருந்தால் நம் பக்கத்தில் அது ஜேசிபிதான். நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி சின்ன ஒப்பந்ததாரர்கள் அனுப்பியவை.

கேள்வி: வீடு, காம்பவுண்டு சுவர், பஞ்சாயத்து வேலை என்று எடுத்துச் செய்கிறேன். மாதம் 60 மணி நேரம் வரை ஜேசிபி வாடகைக்கு எடுக்கிறேன். அந்த வாடகையைத் தவணையாகக் கட்டினால் வண்டி நமக்கே சொந்தமாகிவிடுமே என்று வீட்டில் சொல்கிறார்கள். (நெல்லிக்குப்பம்)

கேட்க நன்றாக இருக்கும். தாளில் போட்டுப் பார்ப்போம். வண்டி 35 லட்சம், கையிலிருந்து 7 லட்சம், மீதி 28 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம், 48 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 72,400 ரூபாய். ஆபரேட்டர் சம்பளம் 25,000. காப்பீடும் மற்றதும் 5,000. வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதம் 1,02,400 ரூபாய் எடுத்து வைத்தாக வேண்டும்.

ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் 6 லிட்டர் டீசல், பேட்டா, ஆயில், ஃபில்டர், பக்கெட் பல், புஷ், டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்து 750 ரூபாய் போகும். வெளி வாடகை மணிக்கு 1,300 என்றால் கையில் நிற்பது 550. அதை வைத்து 1,02,400-ஐ எடுக்க 186 மணி நேரம் ஓட வேண்டும். மாதத்தில் 25 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம். அதுவும் நஷ்டம் வராமல் இருக்க மட்டும்.

உங்கள் 60 மணிக்கு இப்போது கொடுக்கும் வாடகை 78,000. சொந்த வண்டியில் அதே 60 மணிக்கு ஆகும் செலவு 1,47,400. நாலு வருடத்தில் இந்த வித்தியாசம் மட்டும் 33 லட்சத்தைத் தாண்டும். முன்பணம் 7 லட்சம் தனி. அப்போது வண்டியை விற்றால் அதில் பாதி வந்தாலே பெரிது.

இன்னொன்று, நம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் வேலை படுத்துவிடும். மூன்று மாதம் ஏறத்தாழ சும்மா நின்றால், மீதி ஒன்பது மாதத்தில் மாதம் 248 மணி ஓட்டியாக வேண்டும். அதாவது நாளைக்குப் பத்து மணி நேரம்.

அதனால் இப்போது வேண்டாம். இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, சைட், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதுங்கள். வண்டி வராமல் ஆட்கள் உட்கார்ந்திருந்த நாளையும், அன்று கொடுத்த கூலியையும் தனியாகக் குறித்து வையுங்கள். சொந்த வண்டிக்கு நியாயம் சொல்லக்கூடிய பெரிய காரணம் அதுதான். அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகு, உங்கள் சொந்த வேலையே மாதம் 120 மணியைத் தொட்டு, பக்கத்து ஒப்பந்ததாரர்கள் இரண்டு பேர் நிலையாகக் கூப்பிடுவார்கள் என்ற நிலை இருந்தால் நானே எடுக்கச் சொல்வேன். அதுவரை ஒரே வண்டிக்காரரிடம் மாதக் கணக்குப் பேசி, சொன்ன நேரத்துக்கு வருவதற்காக மணிக்கு 50 ரூபாய் கூடக் கொடுங்கள்.

கேள்வி: புயல், வெள்ளம் என்றால் வண்டிக்கு அடிதடிதானே? ஃபெஞ்சல் சமயத்தில் நேரிலேயே பார்த்தேன். (வண்டிப்பாளையம்)

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்ததும் மரம் அகற்ற, மண் தள்ள, பள்ளம் மூட இரவு பகலாக ஓட்டினோம். அந்த வேகத்தில் கடன் வாங்கி இரண்டாவது வண்டி எடுத்தேன். சித்திரை பிறப்பதற்குள் வேலை வற்றிவிட்டது. தவணை வற்றவில்லை. மனைவியின் வளையல் நாலும் ஆறு மாதம் அடகுக் கடையில் இருந்தன. புயல் வருமானத்தை வருமானமாக எண்ணாமல், வந்தால் தவணையில் முன்கூட்டியே கட்டி விடுங்கள்.

கேள்வி: வாய்க்கால் தூர்வாரும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. ஜேசிபி போதுமா? (காட்டுமன்னார்கோவில்)

உங்கள் மண்ணுக்குப் போதாது. கிட்டத்தட்ட ஏழரை டன் எடை நாலு டயரில் நிற்கிறது. ஈரக் களிமண்ணில் இறங்கினால் அதை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். அங்கே சங்கிலி வண்டிதான், நம் ஆட்கள் ஹிட்டாச்சி என்று சொல்வது. பண்ருட்டி பக்கச் செம்மண்ணிலும் ஊருக்குள் சைட் மாற்றி சைட் ஓடுவதிலும்தான் ஜேசிபிக்கு வேகம் உண்டு. சங்கிலி வண்டியை வாடகைக்கு எடுங்கள். அதை ஏற்றி இறக்கும் டிரெய்லர் செலவையும் சேர்த்து ரேட் போடுங்கள்.

கேள்வி: 2016 மாடல் ஒன்று விலைக்கு வருகிறது. மீட்டரில் 6,000 மணிதான் காட்டுகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (வில்லியனூர்)

மீட்டரைப் பார்த்து வாங்காதீர்கள். பிரேக் பெடல் ரப்பர், சீட், லீவர் குமிழ் மூன்றையும் பாருங்கள். லீவரில் எழுத்தே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அந்த மீட்டர் பொய் சொல்கிறது.

காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு பின் கையை முழுசாக நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். பக்கெட்டைப் பக்கவாட்டில் பிடித்து இடம் வலமாகத் தள்ளிக்கொண்டே, இன்னொருவரைக் கிங் போஸ்டை, அதாவது பின் கை இடம் வலமாகத் திரும்பும் மூட்டை, பார்க்கச் சொல்லுங்கள். நல்ல வண்டியில் ஒன்றும் தெரியாது. தேய்ந்த வண்டியில் அந்த மூட்டின் இரும்பு ஊசி (பின்) ஓரத்தில் இருக்கும் பழைய கிரீஸ் கோடு வாய் திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும், ‘டக்’ என்று சத்தமும் வரும். அப்படியே பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பக்கெட் தானாக இறங்கித் தரையைத் தொட்டால் சீலோ வால்வோ போயிருக்கிறது. தோண்டும் கையிலும் (பூம்) அடிச்சட்டத்திலும் (சேஸி) புது பெயிண்ட் மட்டும் பளபளத்தால் அதன் அடியில் வெல்டிங் இருக்கும், நகத்தால் சுரண்டுங்கள். முன் கியர், பின் கியர் மாற்றும்போது ஒரு மூச்சுகூடத் தாமதிக்காமல் கிளம்புகிறதா என்பதையும் பாருங்கள்.

ஆர்.சி.யில் கடன் நிறுவனம் பெயர் இருந்தால் தடையில்லாச் சான்று கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். புது வண்டி வேண்டாம் என்பதற்கு ஸ்டேஜ் 5 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியைக் காரணம் சொல்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் வந்த அந்த விதியால் புது வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜினை மணிக்கணக்காக ஓடவிடாமல் பார்த்துக்கொண்டால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: இறால் குட்டை வேலை வருடம் முழுக்க இருக்கிறது. அதை நம்பி எடுக்கலாமா? (பரங்கிப்பேட்டை)

வேலை உண்டு, ஆனால் உப்பும் உண்டு. ரேட் பேசும்போது மேட்டு நில வாடகைக்கே ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றன்று சாயங்காலம் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் வரை கழுவ வேண்டும். கிரீஸ் அடிக்கும்போது கறுப்பு வெளியே வந்து புதுக் கிரீஸின் நிறம் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. ராத்திரி நிறுத்தும்போது ஹைட்ராலிக் சிலிண்டர் ராடுகளை முடிந்த அளவு உள்ளே இழுத்து வையுங்கள். குரோம் மேல் ஊசிமுனை அளவு துரு வந்தால் போதும், அது சீலைக் கிழித்துவிடும். உப்புக் குட்டைக்கு அனுப்பிய வண்டியை ஒரு வாரம் கழுவாமல் விட்ட ஆபரேட்டரை நான் வைத்திருந்தேன். நாலு சிலிண்டர் பிரித்தோம்.

கேள்வி: இரவில் சவுடு மண் ஏற்ற இரட்டை வாடகை தருகிறேன் என்கிறார்கள். பர்மிட் அவர்கள் பொறுப்பாம். (பண்ருட்டி)

போகாதீர்கள். 1957-ம் ஆண்டு கனிமச் சட்டத்தின் 21-வது பிரிவில் அனுமதியில்லாமல் மண் எடுத்த வண்டியையே பறிமுதல் செய்ய முடியும். மண்ணுக்கு உரியவன் யார் என்பது அங்கே இரண்டாவது கேள்வி, சிக்குவது உங்கள் வண்டி. போலீஸ் நிலைய வேப்பமரத்தடியில் செடி முளைத்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒருவர் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். அனுமதி நகலைக் கையில் வாங்கி, சர்வே எண்ணும் தேதியும் சரிபார்த்த பிறகு பகலில் மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: ஏரிக்கரையில் வேலை செய்யும்போது கவிழ்ந்தால் காப்பீடு கிடைக்குமா? (குறிஞ்சிப்பாடி)

பாலிசியில் ஐஎம்டி 47 (IMT 47) என்று ஓர் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது கவிழ்ந்தால் வண்டிச் சேதத்துக்குப் பணம் இல்லை என்பதுதான் அதன் சாரம். கூடுதல் பிரீமியம் கட்டி அந்த விலக்கை நீக்கிக்கொள்ளலாம். கரையிலும் பள்ளத்திலும் வேலை செய்கிறவருக்கு அந்தப் பணம் வீண் இல்லை. ஏஜெண்டிடம் வாய்ச்சொல் வாங்காமல் பாலிசித் தாளிலேயே காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் பதிவு செய்து கடலூரில் ஓட்டலாமா? ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா? (அரியாங்குப்பம்)

வந்து போகும் வேலைக்குத் தமிழ்நாட்டு வரியைக் கட்டிவிட்டு ஓட்டலாம். 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். எந்தப் பக்கம் வேலை அதிகமோ அங்கே பதிவு செய்வதே நிம்மதி. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வண்டிக்குக் கட்டிய 18 சதவீதத்தை உங்கள் பில் வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்தத் தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கேட்கக் கூடாது.

கேள்வி: மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். நிலத்தை அடகு வைத்து அவனுக்கு ஒரு ஜேசிபி எடுத்துத் தரலாமா? (பாகூர்)

அம்மா, நிலத்தைத் தொடாதீர்கள். முதலில் அவனை நல்ல ஆபரேட்டர் ஒருவரிடம் ஆறு மாதம் ஹெல்பராக அனுப்புங்கள். காலை ஆறு மணிக்கு வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் அடிக்கட்டும். டீசல் ஊற்றிய அளவையும் ஓடிய மணியையும் தினமும் எழுதட்டும். அந்த ஆறு மாதத்தில் யார் யார் வண்டி கேட்டுக் கூப்பிடுகிறார்கள், யார் பாக்கி வைக்கிறார்கள் என்பது அவனுக்கே தெரிந்துவிடும். பிறகு அவனே அந்த நோட்டோடு வந்து கேட்டால் எனக்கு எழுதுங்கள். பழைய வண்டி பார்க்க நானும் கூட வருகிறேன்.