தங்கக்குடம் வேண்டாம், எண்ணெய் தீரட்டும்

கேள்வி: கண்ணாடி ஆலை மூடியதால் நொடித்துப்போன ஒரு சிற்றூர். அங்கே ஒரு சிறுமிக்கு எண்ணெய் வற்றாத மாய விளக்கு கிடைக்கிறது. இருண்ட வீடுகளுக்கெல்லாம் வெளிச்சம் தருகிறாள். முடிவில் நதித் தேவதை அவளுக்குத் தங்கக்குடம் பரிசளிக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதி உங்களுக்கு அனுப்பிய இந்தக் கதையில் புத்திமதி வாடை அடிக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். எங்கே தவறினேன்? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கதையை என் பேத்திக்கு இரண்டு இரவுகளில் வாசித்துக் காட்டினேன். அன்பைப் பற்றி எழுதியதில் தப்பே இல்லை. விளக்கில் எண்ணெய் வற்றாததுதான் தப்பு. எடுக்க எடுக்கக் குறையாததைக் கொடுப்பதில் அந்தப் பெண்ணுக்கு என்ன நஷ்டம்? ஒரு ராத்திரிக்கு ஒரு வீட்டுக்குத்தான் காணும் என்று வைத்துப் பாருங்கள். இன்றைக்கு யாருக்கு என்று அவள் யோசிக்க வேண்டும். தன் வீடு இருட்டிக் கிடக்க, காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு விளக்கை எடுத்துப் போக வேண்டும். மறுநாள் எண்ணெய் கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். நீங்கள் எழுதியிருக்கிறபடி அவள் ஒருத்தி கொடுக்கிறாள், மற்றவர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ஊரே கதைக்குள் வரவில்லை.

மளிகைக்காரரைக் கல்நெஞ்சக்காரர் ஆக்கியிருக்கிறீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆலை மூடினால் சம்பளம் நிற்கும், கடன் நோட்டு நிரம்பும், கொடுத்தவரும் வாங்கியவரும் தெருவில் முகம் பார்க்காமல் போவார்கள். மளிகைக்காரர் கடன் தர மறுப்பது கையில் இல்லாததாலும் இருக்கலாமே. அந்த நோட்டைச் சிறுமி ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும்.

தங்கக்குடத்தைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 18 மாதக் குழந்தைகளைக் கவனித்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழே விழுந்த பொருள் எட்டாமல் பெரியவர் தவித்தபோது, யாரும் சொல்லாமலே பல குழந்தைகள் எடுத்துக் கொடுத்தன. 2008இல் வந்த அவர்களுடைய இன்னோர் ஆய்வு 20 மாதக் குழந்தைகளைப் பற்றியது. உதவியதற்குப் பொருள் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. உங்கள் வாசகருக்கு எட்டு வயது. உதவும் மனசு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கூலி பேசிக் கெடுக்க வேண்டாம்.

ஏழாம் அத்தியாயத்தை மட்டும் தொடாதீர்கள். ஆலையில் வேலை பார்த்த அந்தக் கிழவர், தன்னிடம் மிச்சமிருந்த கொஞ்ச எண்ணெயில் விளக்கேற்றி, வீட்டுக்குள் வைக்காமல் தெருப்பக்கத் திண்ணையில் வைக்கிறாரே, நான் வாசிப்பதைச் சற்று நிறுத்திய இடம் அது. எவ்வளவு நல்ல பத்தி! ஒரு புத்திமதியும் இல்லை.

தங்கக்குடம் வந்த பக்கத்தில் பேத்தி தங்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “அந்தத் தாத்தாவுக்கு மறுநாள் யாரு எண்ணெய் குடுத்தாங்க?” என்றாள். உங்கள் கதையில் தேடினேன், பதில் இல்லை. எழுதி அனுப்புங்கள், அவள் தினமும் கேட்கிறாள்.