ஸ்கேன் சென்டர் ஆசையை மாமாவே வைத்துக்கொள்ளட்டும்

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டை அடமானம் வைத்து டாக்டர் மகளுக்கு ரேடியாலஜி, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் மேற்படிப்புக்கு, சீட் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபிறகு கவலைப்படுங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் மாமா போடும் கணக்கு புரிகிறது. சீட்டுக்கு ஒரு கடன், அப்புறம் ஸ்கேன் சென்டர் வைத்து நாலே வருஷத்தில் அடைத்துவிடலாம். மெஷினுக்கு இன்னொரு கடன், வருஷாவருஷம் பராமரிப்புச் செலவு, கேஸ் அனுப்பும் டாக்டர்கள் கமிஷன் கேட்டால் என்ன செய்வது என்ற தலைவலி, இதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. கடன் சீட் வேண்டாம். இன்னொரு முறை நுழைவுத்தேர்வு எழுதட்டும், ஒரு வருஷம் போனால் போகட்டும்.

இரவு டியூட்டியில் ஜூனியர்களை உட்காரவைத்து எக்ஸ்ரே பார்க்கச் சொல்லிக்கொடுப்பாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். ரேடியாலஜி முடித்து மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கலாம் என்று உறவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, பாருங்கள்.

வளரும் நாடுகளில் ரேடியாலஜிஸ்ட்கள் பெரும்பாலும் நகரங்களில்தான். சின்ன ஆஸ்பத்திரியில் ராத்திரி படத்தைப் பார்ப்பவர் நேற்று பாஸான டாக்டர், அதுவும் தனியாக. மூக்குவழி போட்ட குழாய் இரைப்பைக்குப் போயிருக்கிறதா, மூச்சுக்குழலில் நுழைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்கத் தெரியாமல் உணவு செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. படுக்கவைத்து முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத்தான் தெரியும். அது தெரியாதவர் இல்லாத வீக்கத்துக்கு மருந்து எழுதுவார். நிற்கவைத்து எடுத்த படத்தில் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு மெல்லிய பிறை தெரிந்தால், குடலிலோ இரைப்பையிலோ ஓட்டை விழுந்திருக்கலாம், சர்ஜனை உடனே கூப்பிட வேண்டும். இவ்வளவையும் கற்றுக்கொள்ளப் பல கல்லூரிகளில் கிடைப்பது ரேடியாலஜி பிரிவில் கொஞ்ச நாள் பயிற்சி. அதிலும் பாதிப்பேர் இருட்டறை மூலையில் நின்றுவிட்டுப் போகிறார்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம். படங்களைச் சேர்த்துவைக்க ஆர்த்தாங்க் மாதிரி இலவச மென்பொருள் போதும். நோயாளியின் பெயரை நீக்கும்போது மட்டும் கவனம் வேண்டும், ஃபைல் விவரத்தில் அழித்தாலும் அல்ட்ராசவுண்ட் படத்தின் மேலேயே பெயர் பதிந்திருக்கும். நோய்ப் படங்களுக்கு முன்னால் நார்மல் படங்களை நிறையக் காட்டி, மாணவரையே வாய்விட்டுச் சொல்லவைக்க வேண்டும். எந்த ஸ்கேனைத் தேவையில்லாமல் எழுதிக்கொடுக்கக் கூடாது என்பதும் பாடம்தான்: மார்பு எக்ஸ்ரேக்கு 0.1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு என்றால், மார்பு சி.டி.க்குச் சுமார் 6, 7.

பாடம் எடுப்பவருக்குச் சென்டர் வைத்தவரைவிடச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. கடன் இல்லாவிட்டால் அது தாராளம். ஏ.ஐ. வந்தால் ரேடியாலஜியே போச்சு என்று அடுத்து யாராவது கிளம்புவார்கள். அது சொல்வது சரியா என்று பார்க்கவும் படம் பார்க்கத் தெரிந்த டாக்டர்தானே வேண்டும்.

இப்போதைக்கு ஏதாவது மருத்துவக் கல்லூரியில் டியூட்டர் வேலை இருக்கிறதா என்று அவளை விசாரிக்கச் சொல்லுங்கள். சம்பளமும் வரும், பரீட்சைக்கும் படிக்கலாம்.