ஓட்டத்துக்கு நெக்பேண்டே போதும் தம்பி

காலையில பாளை வ.உ.சி மைதானத்துல ஓடும்போது பட்ஸ் (ஒயர் இல்லாத குட்டி இயர்போன்) காதுல நிக்க மாட்டேங்கு, முன்ன வாங்குனது வேர்வையில போயிட்டு, 1,500 ரூபாய்க்குள்ள என்ன வாங்கலாம்னு கேட்டிருக்கீங்கள்லா? நெக்பேண்ட், அதான் கழுத்துல மாட்டுற ப்ளூடூத் இயர்போன், வாங்குங்க. காதுல இருந்து நழுவுனாலும் கழுத்துல கிடக்கும். நான் வண்ணார்பேட்டைப் பக்கம் ஓடயில ஒரு பட்ஸ சாக்கடைக்குத் தாரை வார்த்தவன், அந்த அனுபவத்துல சொல்லுதேன்.

பெட்டியில ஐபிஎக்ஸ் (IPX) எண்ணைப் பாருங்க, எவ்வளவு தண்ணி தாங்கும்னு சொல்லுறது அதான். 4ன்னா எந்தப் பக்கம் இருந்து தெறிக்கிற தண்ணியையும் தாங்கும், 5ன்னா பீச்சி அடிச்சாலும் தாங்கும். நம்ம ஊரு வேர்வைக்கு 5 இருந்தா நல்லது. ஆனா அந்தச் சோதனையெல்லாம் வெறுந்தண்ணியில செய்யிறது. வேர்வையில உப்பு இருக்கு. என்னோட பழசுல சார்ஜ் பின் பச்சை பூத்துக் கிடந்துச்சு. ஓடி முடிச்சதும் ஈரத்துணியால துடைச்சு, நல்லா காயவிட்டு அப்புறமா சார்ஜ் போடுங்க. ஈரத்தோட மட்டும் சொருகிராதீங்க.

இன்னொண்ணு, கூடவே வேற அளவுல ரப்பர் முனை குடுத்திருப்பான். முக்காவாசிப் பேரு அதைத் தொடுறதே இல்ல. எனக்கு இடது காதுக்குச் சின்னது, வலதுக்கு நடுத்தரம். மாத்திப் போட்டு, வாயை அசைச்சுப் பாருங்க. நழுவலன்னா அதான் உங்க அளவு.

இரைச்சலை அடக்குற வசதிக்குக் காசைக் கொட்டாதீங்க. ரோட்டுல ஓடுனா ஒரு காதைக் கழட்டிருங்க, பின்னால பஸ் ஹாரன் கேக்கணும்லா.