பூனைக்கு மூன்று வார டெபாசிட் கேட்கலாமா?

கேள்வி: மாதம் 1,500 பவுண்ட் வாடகையில் இருக்கிறோம். மகள் பூனை கேட்கிறாள். ஏஜென்ட், "பூனைக்கு மூன்று வார வாடகை தனி டெபாசிட். நாடாளுமன்றத்திலேயே பேசியாகிவிட்டது" என்கிறார். கட்ட வேண்டுமா?
– வாசகி, ஹாரோ

பதில்: கட்ட வேண்டாம். பேசியது உண்மை, சட்டமாகவில்லை. பின்னர் சட்டமான வாடகைதாரர் உரிமை மசோதா 2025 ஜூலையில் பிரபுக்கள் அவையில் (நாடாளுமன்ற மேலவை) விவாதிக்கப்பட்டபோது, செல்லப்பிராணிக்கென மூன்று வார வாடகை வரை வாங்கலாம் என்ற திருத்தம் ஓட்டெடுப்பில் ஜெயித்தது. செப்டம்பரில் மக்கள் அவை அதைத் தள்ளிவிட்டது. இருக்கிற ஐந்து வார டெபாசிட்டே வழக்கமான சேதத்துக்குப் போதும், அதற்கு மேல் பலரால் கட்ட முடியாது என்று அரசு சொன்னது.

சரியான முடிவு. உங்கள் கணக்கையே பாருங்கள். 1,500-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 346 பவுண்ட் சொச்சம். ஐந்து வாரத்துக்கு 1,730. இன்னும் மூன்று வாரம் சேர்ந்தால் 1,038 கூடி, கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை முடங்கிவிடும். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வாரத்துக்கு மேல் டெபாசிட் வாங்க 2019-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போடுகிறது. செல்லப்பிராணி இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லலாம் என்று மசோதாவில் முதலில் இருந்த பிரிவும் பிரபுக்கள் அவையில் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயரிலும் பணம் கேட்க முடியாது.

கேள்வி: "பூனை வளர்க்கலாமா?" என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு ஐந்து வாரம் ஆகிறது. பதிலே இல்லை. வாங்கிவிடலாமா? வற்புறுத்தினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: பூனையை இப்போது கொண்டுவராதீர்கள். மௌனம் சம்மதமாகாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், எந்தப் பிராணி என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். உங்கள் ஒற்றை வரியில் அது இல்லை. தேதி போட்டு மின்னஞ்சலில் புதிதாக எழுதுங்கள்: ஒரே ஒரு பூனை, வயது, இனம், கருத்தடை ஆயிற்றா, தடுப்பூசிச் சான்று, மலப்பெட்டி எந்த அறையில் இருக்கும், நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்.

இந்தச் சட்டப்படி, அன்றிலிருந்து 28 நாளுக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும் (மசோதாவில் முதலில் 42 நாள் இருந்தது). நடுவில் கூடுதல் விவரம் கேட்டால், நீங்கள் கொடுத்ததிலிருந்து ஏழு நாள் அவகாசம் உண்டு. நியாயமில்லாமல் மறுத்தால் கவுன்டி கோர்ட்டுக்குப் போகலாம்.

காலி செய்யச் சொல்வார் என்ற பயம் நியாயமானதே. காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க செக்‌ஷன் 21 வழிவிட்டது. அது இருந்தவரை பூனை கேட்கும் உரிமை ஏட்டோடு நின்றிருக்கும். 2026 மே 1 முதல் அது இல்லை, பழைய ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து.

கேள்வி: க்ராய்டனில் எங்கள் ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். முன்பு இருந்தவரின் நாய் கார்பெட்டைக் கிழித்துவிட்டது. இனி வருபவரிடம் மறுக்கலாமா?
– வாசகர், சட்டன்

பதில்: அந்தக் காரணம் செல்லாது. வேறொருவரின் நாய் செய்ததற்கு இவர் பொறுப்பில்லை. உங்கள் லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஃப்ரீஹோல்டர் (கட்டடத்தின் மூல உரிமையாளர்) பிராணிகளைத் தடை செய்திருந்தால் மறுக்கலாம். அவர் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருந்தால், 28 நாளுக்குள் அவரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். சின்ன ஃப்ளாட்டில் பெரிய நாய், அதே வீட்டில் இன்னொரு வாடகைதாரருக்கு ஒவ்வாமை போன்றவையும் நியாயமான காரணங்கள்.

அனுமதித்தால், குடிபுகும் நாளிலேயே கதவோரக் கார்பெட், கதவு நிலையின் அடிப்பகுதி, திரைச்சீலை நுனி மூன்றையும் கிட்டத்தில் தேதியோடு படமெடுங்கள். பூனை முதலில் பிராண்டுவது அங்கேதான். பிடித்தம் செய்யும்போது புதுக் கார்பெட்டின் முழு விலையைக் கேட்காதீர்கள். பத்து வருடம் உழைக்கும் 600 பவுண்ட் கார்பெட்டுக்கு எட்டு வயதாகியிருந்தால் 120 பவுண்டுதான் கிடைக்கும்.

கேள்வி: வீட்டுக்காரக் குடும்பத்தோடு ஒரே வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?
– வாசகர், டூட்டிங்

பதில்: பொருந்தாது. அங்கே அவர் சொல்வதுதான். இந்தச் செல்லப்பிராணி விதிகள் இங்கிலாந்துக்கு மட்டும் என்பதால், கிளாஸ்கோ, கார்டிஃப் வாசகர்கள் அந்தந்தப் பகுதிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.