மலிவு என்று சொல்லாதீர்கள்

கேள்வி: சீனாவில் கிராமத்திலிருந்து பெருநகருக்குப் பிழைக்க வருகிறவர்கள் எதைப் பார்த்து வீடு பிடிக்கிறார்கள்? வாடகை மலிவு என்பதற்காக இருட்டறைகளில் அடைந்துகொள்கிறார்களே, ஏன்? (வாசகர், ஈரோடு)

பதில்: மலிவு என்று யார் சொன்னது? தெற்குச் சீனாவின் ஷென்ஜென் நகரில் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் அறைக்கு அவர்கள் தரும் வாடகையைச் சதுர மீட்டர் கணக்கில் வகுத்துப் பாருங்கள். லிஃப்ட் வைத்த அடுக்ககத்துக்கும் அதற்கும் பல இடங்களில் பெரிய வித்தியாசம் இருக்காது. அறை சிறியது, அதனால் மாத வாடகை கைக்கு அடக்கம், அவ்வளவுதான்.

அவர்கள் முதலில் பார்ப்பது வேலை எவ்வளவு தூரம் என்பதை. வேலையே ஊர்க்காரர் மூலம் கிடைக்கிறது. அறையும் அவர் காட்டுவதுதான். பெய்ஜிங்கின் தெற்கே வென்ஜோ ஊர்த் தையற்காரர்கள் திரண்டதும், தெற்கு நகரமான குவாங்ஜோவின் காங்லெ கிராமத்தில் ஹூபெய் மாகாணத்துக்காரர்கள் திரண்டதும் இப்படித்தான். காங்லெவுக்குப் பக்கத்திலேயே பெரிய துணிச் சந்தை. உருப்படிக் கூலிக்கு ராத்திரி வரை தைக்கிறவர் ஊர்க்கோடியிலிருந்து பஸ் பிடித்து வர முடியாது. தொழிற்சாலை விடுதியில் கட்டில் கிடைக்கும், ஆனால் கணவன் மனைவிக்கு அது ஆகாது. அவர்கள் வெளியே தேடியாக வேண்டும்.

வெளியே என்றால் பெரும்பாலும் நகரம் சுற்றி வளைத்த பழைய கிராமங்கள். அரசு வயல்களை எடுத்துக்கொண்டு வீட்டுமனைகளை விவசாயிகளிடம் விட்டது. அந்த மனையில் அவர்கள் ஆறு, ஏழு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. ஷென்ஜென், குவாங்ஜோ போன்ற தெற்கு நகரங்களில் விவரம் தெரிந்தவர் தரைத்தளத்தை எடுக்க மாட்டார். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கடலிலிருந்து ஈரக்காற்று வந்தால் சில்லிட்ட சுவரும் தரையும் வியர்த்து வடியும். மெத்தை பூஞ்சை பிடிக்கும், துணி நாட்கணக்கில் காயாது. உச்சி மாடியில் கோடையில் தளம் கொதிக்கும். நான்காவது, ஐந்தாவது மாடிதான் தோது.

இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை என மூன்று மாதப் பணம் முதல் நாளே போகும். அதை வாங்குபவர் சொந்தக்காரரா, கட்டடத்தையே மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விடுபவரா என்று கேட்டாக வேண்டும். பின்னவர் கம்பி நீட்டினால் முன்பணம் அம்போ. கரண்டுக்கும் தண்ணீருக்கும் அரசு விலைக்கு மேல் வைத்து வாங்குவது அங்கே சகஜம். குடிபோகும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவது நல்லது. மாடிப்படிக்கு அடியில் மின்ஸ்கூட்டர் சார்ஜ் போடும் கட்டடம் என்றால் அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். பேட்டரி பற்றினால் புகை ஏறுவது அந்த ஒரே படிக்கட்டில். சன்னலிலோ திருட்டுக்குப் பயந்து போட்ட கம்பி.

பிள்ளை இருந்தால் கணக்கே வேறு. குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்தது என்று காட்டும், 1958 சட்டம் கொண்டுவந்த ஹூகோ பதிவு சொந்த ஊரில் கிடக்கும். ஷென்ஜெனில் அரசுப் பள்ளியில் இடம் கேட்கும் வெளியூர்ப் பெற்றோர், ஓராண்டு தொடர்ந்து அங்கே குடியிருந்த பதிவையும் சமூகக் காப்பீடு கட்டியதையும் காட்ட வேண்டும். அப்புறம் புள்ளி போட்டு, அந்த வரிசையில்தான் இடம். ஆகவே வெளிச்சம், காற்று எல்லாம் பிறகு. வாடகையைப் பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பது முதல் கேள்வி. வரிக்குப் பயந்தோ, கட்டடத்தின் பத்திரம் சரியில்லாததாலோ மறுப்பவர்கள் உண்டு.

இந்தக் கிராமங்களை நகரத்தின் புண் என்று எழுதும் நிபுணர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. அதை விடுவதாக இல்லை. 2017 நவம்பர் 18 அன்று பெய்ஜிங்கின் டாஷிங் மாவட்டத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது நிலவறையில் இருந்த குளிர்பதனக் கிடங்கில். தண்டனை அனுபவித்தவர்களோ குடியிருந்தவர்கள்: பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில் நகரம் முழுக்க ஏழைகளைக் கடுங்குளிரில் மூட்டை முடிச்சோடு தெருவுக்கு அனுப்பினார்கள். படிக்கட்டு இன்னொன்று கட்டச் சொல்லியிருக்கலாம், கம்பியை அறுக்கச் சொல்லியிருக்கலாம்.

ஷென்ஜெனின் பாய்ஷிஜோ கிராமத்தில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். மெட்ரோ வாசலில், வேலைக்குப் பக்கத்தில். 2019-இல் இடிப்பதற்காகக் காலி செய்யச் சொன்னபோது இழப்பீடு கட்டடச் சொந்தக்காரர்களுக்கு. குடியிருந்த பெற்றோர் கேட்டது பணம்கூட இல்லை. பிள்ளைகளின் பள்ளி மாறாமல் இருக்கக் கொஞ்சம் அவகாசம்.